காவலும் கங்காணமும்

ஒரு காலத்தின் மனத்தை அறிய அக்காலத்துக் கவிதைகளையும் கதைகளையும் படிப்பது மரபு. விளம்பரங்களையும் படிக்க வேண்டும் என்பது நமது கருத்து. கவிஞன் தன் காலத்தின் அச்சங்களைப் பாடுகிறான். விளம்பரக்காரன் அவ்வச்சங்களுக்கு விலை குறிக்கிறான்.

கழுத்திலோ மணிக்கட்டிலோ அணிந்துகொள்ளத்தக்க, தீப்பெட்டியளவான இடங்காட்டும் கருவிகள் இன்று நகரத்துக் கடைகளில் விற்பனையாகின்றன. ஜி.பி.எஸ். கருவி என்பது அவற்றின் வழக்குப் பெயர். அவற்றுக்கென எழுதப்படும் துண்டுப்பிரசுரங்களில் இரு பொருள்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று குடும்பத்தின் பாதுகாப்பு. மற்றது தனித்துத் தொழில் புரிவோரின் பாதுகாப்பு. பாடசாலை செல்லும் குழந்தை, நினைவு தடுமாறும் முதியவர், தனியே பயணம் செய்யும் பொறியியலாளர் ஆகியோரே இவ்விலக்கியத்தின் பாத்திரங்கள். கொத்மலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண் இதில் வருவதில்லை. இரவில் தேயிலை மலையைக் காக்கும் காவற்காரனும் வருவதில்லை. ஆபத்து அதிகமுள்ளவரை விட்டுவிட்டு, பணம் அதிகமுள்ளவரிடம் ஆபத்தைப்பற்றிப் பேசுவது இவ்விலக்கியத்தின் முதற்குறை.

கருவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். பூமிக்கு ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க அரசின் விண்கோள்கள் சுழல்கின்றன. அவற்றுள் குறைந்தது நான்கின் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இராணுவத் தேவைக்கென எழுந்த ஏற்பாடு இது. பொதுமக்களுக்கெனச் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நீக்கினார்கள். ஆனால், விண்கோள் யாரையும் காண்பதில்லை. கருவி தான் கணக்கிட்டதைப் பிறருக்கு அறிவிக்க வேண்டுமாயின், சாதாரணக் கைத்தொலைபேசியைப் போலவே அதற்கும் தொலைபேசிக் கோபுரத்தின் துணை வேண்டும். பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத்துப் பள்ளங்களில் மலையின் மறைவில் சிக்னல் அற்றுப்போகும் இடங்களில், கருவிக்குத் தன் இருப்பிடம் தெரியும், சொல்லத்தான் வாயிராது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நுவரெலியா மாவட்டத்தைச் சிதைத்தபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல பகுதிகளில் அற்றுப்போயின. உதவி மிகவும் தேவைப்பட்ட நாளிலேயே இத்தகைய கருவிகள் ஊமையாகும் என்பதை அந்நாட்கள் காட்டின.

சிக்னல் இருக்கிறது என்றே கொள்வோம். மலையகச் செய்திகளில் ஓயாது இடம்பெறும் குளவிக் கொட்டை எடுத்துக்கொள்வோம். மலையிலே குளவிக்கூடு கலைகிறது. ஒரு பெண் ஓடுகிறாள்; விழுகிறாள்; பொத்தானை அழுத்துகிறாள். அவள் நிற்கும் இடம் சில மீட்டர் துல்லியத்தில் எங்கோ ஒரு திரையில் தோன்றுகிறது. அதன்பின் யார் வருவார்? அவளைச் சுமந்து வண்டிப்பாதைக்குக் கொண்டுவருவது யார்? லொறி எங்கே நிற்கிறது? தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளர் இருக்கிறாரா? இக்கேள்விகளுக்கு விடையில்லாத தோட்டத்தில், கருவி அவளுடைய துன்பத்தைத் திருத்தமாகப் பதிவுசெய்யும், தீர்க்காது.

இன்னொரு முரண்பாட்டையும் ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப்பார்க்க வேண்டும். விண்ணிலிருந்து வரும் சமிக்ஞையால் இருப்பிடம் அறியப்படக்கூடிய இம்மக்களுட் பலருக்கு, இன்றும் சொந்த முகவரி இல்லை. லயத்துக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்தின் கையைக் கடந்தே வீட்டை அடைகின்றன. நாடெங்கும் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழைக்கலாம். ஆனால், அழைப்பவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி 'எந்த இடம்?' என்பதே. இடங்காட்டும் கருவிகளுள் மிக மலிவானது இலக்கமிட்ட ஒரு பெயர்ப்பலகை. அதற்கு மின்கலமும் மாதக் கட்டணமும் வேண்டியதில்லை. அது இன்றுவரை நாட்டப்படாததற்கு விஞ்ஞானத்தின் போதாமை காரணமன்று.

இடம் தெரிந்தாலே உயிர் காக்கப்படும் என்ற கூற்றை மீரியபெத்தையின் மண் மறுக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே அத்தோட்ட லயங்கள் மண்ணிற் புதைந்தன. அச்சரிவு அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எந்த மலை, எந்த லயம் என்பதெல்லாம் தெரிந்தே இருந்தன. குடியேற மாற்று நிலமும் வீடும் மட்டும் வந்துசேரவில்லை. புதையுண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கும் பல நாள் தடுமாறிற்று.

இனி, சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். இக்கருவியின் தொழிலைத் தமிழில் கண்காணித்தல் என்கிறோம். கண்காணி என்னும் சொல்லே மருவிக் கங்காணி ஆயிற்று என்பதை மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் மக்களின் நடமாட்டத்தைப் பொருளால் அடையாளப்படுத்துவது புதிய வழக்கமுமன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லையோடு நம் முன்னோர் கடல் கடந்தனர். தோட்டம்விட்டுத் தோட்டம் மாறுவதற்குக் கடன்தொகை எழுதிய 'துண்டு' வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. கொத்மலைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் இலக்கியத்தில் செய்த பெரும்பணி, பதிவேட்டில் எண்களாக இருந்தவர்களை மனிதர்களாக எழுதியதுதான். அம்மனிதர்களை மீண்டும் திரையில் ஊரும் புள்ளிகளாக்குவதற்கு நாம் எளிதில் உடன்படலாகாது.

இது வீண் அச்சமன்று. இந்தியாவின் சண்டிகரில் 2020ஆம் ஆண்டில் துப்புரவுத் தொழிலாளருக்கு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டப்பட்டது. அவர்கள் அதை எதிர்த்துப் போராடினர். அவர்களது நடமாட்டம் நொடிதோறும் அளக்கப்பட்டதே அப்போராட்டத்தின் காரணம். அதே கருவி தேயிலை மலைக்கு வந்தால், தண்ணீர் குடிக்க ஒதுங்கிய பத்து நிமிடம் செக்ரோலில் அரைப்பேராக மாறாது என்பதற்கு என்ன உறுதி? ஒதுங்க மலசலகூடமில்லாத மலையில் ஒரு பெண் மறைவிடம் தேடிச் சென்றதையும் துரையின் திரை காட்டுமன்றோ?

குடும்பத்துக்குள்ளும் இதே கேள்வி எழுகிறது. கொழும்பில் வீட்டு வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ சென்ற மகள் எங்கே இருக்கிறாள் என்று தாய் ஏங்குவது இயற்கை. ஆனால், மகள் அறியாமல் அவள் பையில் வைக்கப்படும் கருவி அன்பின் சின்னமாகாது. மனைவியின் ஒவ்வோர் அடியையும் கணவன் திரையில் பார்த்திருப்பதைப் பாதுகாப்பு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம். காவல் என்ற தமிழ்ச்சொல்லே காப்பதையும் குறிக்கும், சிறைவைப்பதையும் குறிக்கும். எது என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று; அணிபவரின் சம்மதமே.

ஆகவே கருவியை எறிந்துவிடுவோம் என்று சொல்ல வந்தோமா? இல்லை. விஞ்ஞானம் உழைப்பாளரின் உடைமை. அதை முதலாளியின் திரைக்கு விட்டுக்கொடுப்பது அறிவுடைமையாகாது. ஆராய்ந்து தெரிந்தெடுப்பதே நம் கடமை. கருவியைக் கடையில் வைத்துச் சோதித்தால் போதாது. அணிபவர் வேலை செய்யும் மலையின் மிகத் தாழ்ந்த மூலையில், மழைநாளில் சோதிக்க வேண்டும். கொழுந்துப் பிசுக்கேறிய, நனைந்த கையால் பொத்தானை அழுத்த முடியவேண்டும். மின்கலம் ஒரு பகலும் ஓர் இரவும் தாங்க வேண்டும். பழைய 2ஜி வலையமைப்பை மட்டும் நம்பிய மலிவுக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். சிக்னலே இல்லாத மலைகளுக்கு, விண்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவி உண்டு. அதன் விலையும் கட்டணமும் கூடுதல். ஆயினும் கூட்டத்துக்கு ஒன்றேனும் இருக்கலாம்.

இவற்றினும் முக்கியமானவை விலைச்சீட்டில் எழுதப்படாத நிபந்தனைகள். அபாயச் செய்தி இருவருக்கேனும் சேர வேண்டும். ஒருவர் தொழிலாளரின் ஆளாக இருக்க வேண்டும். செய்தி கிடைத்தால் எத்தனை நிமிடத்தில் யார் புறப்படுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தொழிலுக்கான கருவியின் செலவு தோட்டக் கம்பனியைச் சேர வேண்டும். பதிவுகளைச் சம்பளக் கணக்கோடு இணைக்கலாகாது. வேலை முடிந்ததும் அணைத்துவிடும் உரிமை அணிபவருக்கு வேண்டும். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதை மேல் வகுப்பு மாணவருக்கு விளக்குவது தமிழாசிரியருக்கும் உரிய பணியே. தொழிற்சங்கங்களோ இந்நிபந்தனைகளைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் முன்வைக்க வேண்டும்.

இருக்கும் இடத்தை அறிவிப்பது கருவியால் இயலும். அறிந்தவுடன் ஓடி வருவது மனிதர் ஏற்கவேண்டிய பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்காமல் நம் கழுத்தில் எதை மாட்ட வந்தாலும், அது பழைய தகரவில்லையே.