இளைப்பாறுவோரின் படங்கள் இரண்டு

உழைப்போர் இளைப்பாறுவதைப் படமெடுத்தோர் பலர். அந்த இளைப்பாறுதல் யாருக்குச் சொந்தம் என்று அப்படங்களை நோக்கிக் கேட்போர் சிலரே.

உலகறிந்த படமொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 1932 செப்டம்பர் 20ஆம் நாள், நியூயார்க் நகரில் ராக்கஃபெல்லர் மையம் எழும்பிக்கொண்டிருந்தபோது 69ஆம் மாடியில் எடுக்கப்பட்டது அது. இரும்பு வேலை செய்யும் 11 தொழிலாளர் உத்திரமொன்றின்மேல் வரிசையாய் அமர்ந்து பகலுணவு அருந்துகின்றனர். தொங்கும் கால்களுக்குக் கீழே 800 அடிக்கும் மேற்பட்ட வெறுவெளி. இடது ஓரத்தில் இருவர் சிகரெட்டுப் பற்றவைக்கின்றனர். வலது ஓரத்தில் ஒருவர் கையில் புட்டியுடன் நம்மை நேரே பார்க்கிறார்.

அமர்ந்திருப்போர் மெய்யான தொழிலாளரே. ஆனால் அவ்வேளை மெய்யான ஓய்வுவேளையன்று. கட்டடத்தின் விளம்பரத்திற்காக ஏற்பாடு செய்யப்பட்ட படம் அது. அதே நாளில் சிலர் உத்திரத்தின்மேல் படுத்து உறங்குவதாகவும் மற்றொரு படம் எடுத்தனர். அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையிழந்து நின்ற காலம் அது. அத்தகைய காலத்தில் உறங்கச் சொன்னால் உறங்குவதும் ஒரு வேலையே அல்லவா?

உபாகமம் ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாளுக்குக் காரணம் கூறுகையில் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைப்பூட்டுகிறது. வேலைக்காரனின் ஓய்வு எஜமானின் தயவன்று என்பதே அதன் கருத்து.

இதனோடு, ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1938இல் பாரிசுக்குத் தெற்கேயுள்ள ஜுவிசியில் எடுத்த படத்தை ஒப்பிடலாம். 1936இன் பெரும் வேலைநிறுத்தங்களையடுத்து, வாரத்திற்கு 40 மணிநேர வேலையும், ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறையும் பிரான்சில் சட்டமாகியிருந்தன. நீரோரப் புற்சரிவில் ஒரு கூட்டத்தார் உண்டு முடிக்கும் வேளை. ஒருவர் திராட்சரசம் ஊற்றுகிறார். எதிரே ஒரு படகு. நாம் காண்பதோ பெரும்பாலும் முதுகுகளையே! நம்மிடம் காட்டுவதற்கு அவர்களுக்கு ஒன்றுமில்லை. செல்வக் குடும்பத்தில் பிறந்த கலைஞர் அப்பருத்த முதுகுகளைக் கண்டு சற்றே நகைக்கிறாரோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. ஆயினும் அவர் யாரையும் திரும்பிப் பார்க்கச் செய்யவில்லை. எவரையும் இடம் மாற்றி அமர்த்தியதாகவும் தோன்றவில்லை. உணவு அவர்களுடையது, நேரமும் அவர்களுடையது.

இதைக் கண்டபின் நியூயார்க் படத்திற்குத் திரும்பினால், வலது ஓரத்து மனிதரே நம் கண்ணை நிறுத்துகிறார். மற்றவர் படக்கருவி அங்கில்லாததுபோல் தம் காரியமாயிருக்க, இவர் மாத்திரம் அதை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.