மூலக்கூறு தானாகக் கோலம் போடுமா?

நானோ தொழில்நுட்பத்தைப் பற்றிய கட்டுரைகளில், மூலக்கூறுகள் தாமாகவே அணிவகுத்துக்கொள்கின்றன என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கல்லூரி வகுப்பில் மாணவர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள். கேட்க இனிமையான இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்போம்.

பாலிஸ்டைரீன், பாலிமீதைல் மெத்தக்ரிலேட் என்ற இரு பாலிமர்களைக் கலந்தால் அவை எண்ணெயும் நீரும்போலப் பிரிந்துவிடும். ஒன்றின் நுனியை மற்றதன் நுனியோடு வேதிப் பிணைப்பால் முடிந்துவிட்டால் கிடைப்பது பிளாக் கோபாலிமர். ஒன்றையொன்று வெறுக்கும் இரண்டும் ஒரே சங்கிலியில் கட்டுண்டிருப்பதால், சங்கிலியின் நீளம் விடும் அளவுக்கே அவை விலக முடியும். ஆகவே சில பத்து நானோமீட்டர் இடைவெளியில் மாறி மாறி அடுக்குகளாகவோ உருளைகளாகவோ அமைகின்றன. எண்ணெய், நீர் உவமையோடு நின்றுவிடும் கட்டுரைகள் இந்த முடிச்சைச் சொல்லாமல் விடுகின்றன. முடிச்சு இல்லையேல் வரியும் இல்லை.

இதுவரை ‘தானாக’ என்ற சொல் பொருந்தும். இனித்தான் சிக்கல். இந்தக் கோபாலிமரைச் சிலிக்கன் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசி, 100 டிகிரி செல்சியசுக்கு நன்கு மேலாகச் சூடாக்கினால் சங்கிலிகள் நகரத் தொடங்கும். தகட்டின் ஆக்சைடுப் பரப்பு மெத்தக்ரிலேட்டையே நாடும்; எனவே அடுக்குகள் பாய் விரித்தாற்போலப் படுத்துவிடும். இரு பாலிமர்களையும் சமமாக ஏற்கும் நடுநிலைப் பரப்பை உண்டாக்கும் வழியை 1997-இல் ஆய்வாளர்கள் காட்டினர். அத்தகைய பரப்பில் அடுக்குகள் எழுந்து நிற்கும். ஆனால் கைரேகைபோல் வளைந்து நெளியும். அருகில் ஒழுங்கு, தொலைவில் குழப்பம்! இவ்வரிகளை நம்பி மின்சுற்று அமைக்க இயலுமா?

2003-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் நீலி குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். கோபாலிமரின் இயல்பான இடைவெளி சுமார் 48 நானோமீட்டர். அதற்கு இணையான இடைவெளியில் தகட்டின் மேலேயே வேதிப் பட்டைகளை அமைத்தனர். அடுக்குகள் அப்பட்டைகளின் வழியே நேராக நின்றன. பட்டைகளின் இடைவெளி இயல்பான அளவிலிருந்து மிகவும் விலகியபோதோ பிழைகள் தோன்றின. ஆக, அளவைத் தருவது சங்கிலி. திசையையும் இடத்தையும் தருவது பரப்பு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

இந்த வேறுபாட்டை விளக்கச் செட்டிநாட்டிலேயே இரண்டு உவமைகள் உள்ளன. ஆத்தங்குடித் தளக்கல்லை அச்சு வைத்து வார்க்கும்போது, கண்ணாடியின்மேல் உலோக அச்சை வைத்து அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சில் இல்லாத கோடு கல்லில் வராது. சில்லுகள் செய்யும் ஒளி அச்சு முறை இத்தகையது. கண்டரமாணிக்கத்து வாசலில் இடும் புள்ளிக் கோலமோ வேறு வகை. புள்ளி இடத்தை மட்டும் காட்டும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் நீலியும் பிறரும் நான்கு புள்ளிக்கு ஒரு புள்ளியே தகட்டில் வைத்தனர். மீதி மூன்றையும் கோபாலிமர் தானே நிரப்பியது.

ஆனால் கோல உவமைக்கும் எல்லை உண்டு. கோலமிடுபவர் மனத்தில் முழு வடிவமும் இருக்கிறது. மூலக்கூறு ஆற்றல் குறைந்த நிலையை நாடுகிறது, அவ்வளவே. அதனிடம் தாமரையும் தேரும் எதிர்பார்க்க முடியாது. திரும்பத் திரும்ப வரும் கோடும் புள்ளியுமே அதன் கைவரிசை.

இதை மறந்ததால்தான், ஒளி அச்சு முறைக்கு விடைகொடுத்துவிடலாம் என்ற மிகையான நம்பிக்கை பரவியது. வழிகாட்டும் பட்டைகளையும் புள்ளிகளையும் வரைய ஒளியோ எலெக்ட்ரான் கற்றையோ தேவை என்பதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. சில்லுக்குள் ஒரே ஒரு வரி பிசகினாலும் அந்தச் சில்லு வீணாகலாம் என்பது மற்றொரு தடை. மிகக் குறுகிய புற ஊதாக்கதிர் கொண்டு அச்சிடும் முறை 2019-ஆம் ஆண்டளவில் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தது. அம்முறையில் உருவாகும் கோடுகளின் பிசிறுகளைச் செம்மையாக்கக் கோபாலிமர் உதவுமா என்பதும் ஆராயப்படுகிறது. போட்டியாளராக அறிமுகமானது துணைவனாகப் பயன்படக்கூடும்.

எனவே மாணவர்களே, ‘தானாக’ என்ற சொல்லை எங்கே படித்தாலும் அங்கே சற்று நில்லுங்கள். அளவை எது தந்தது, திசையை எது தந்தது என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை சொல்லாத கட்டுரை உங்களுக்கு வியப்பைத் தரலாம், இயற்பியலைத் தராது.