பறவையை அளக்கும் அளவுகோல்

பறவைகளை இனங்காண விழைவோர் நாடும் நூல்களுள் முதன்மையானது சாலிம் அலி (1896-1987) ஆங்கிலத்தில் எழுதிய ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’. 1941-இல் வெளிவந்து, பல பதிப்புகளைக் கண்ட நூல் இது.

இயற்பியல் ஆசிரியனான என்னை இந்நூலில் மிகவும் கவர்ந்தவை வண்ணப் படங்கள் அல்ல; பறவையின் அளவைக் கூறும் முறையே. சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காக்கை, பருந்து என நாம் நன்கறிந்த பறவைகளையே ஆசிரியர் அலகுகளாகக் கொள்கிறார். ‘மைனாவைவிடச் சிறியது’ என்றால் எவருக்கும் விளங்கும். அளவீடு என்பதே ஒப்பீடுதான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நமது கண் உணர்வது நீளத்தை அன்று, கோணத்தை. 30 மீட்டர் தொலைவில் அமர்ந்த 30 செ.மீ. நீளமுள்ள கரிச்சானும், 40 மீட்டர் தொலைவில் அமர்ந்த 40 செ.மீ. நீளமுள்ள காக்கையும் கண்ணில் ஒரே கோணத்தையே உண்டாக்கும். தொலைவு தெரியாவிடில் அளவும் தெரியாது.

இதை வகுப்பில் கற்பிக்கும் நானே ஒருமுறை ஏமாந்தேன். மாணவர்களுடன் வயல்வெளிக்குச் சென்றிருந்த மாலை வேளை. மின்கம்பியில் ஒரு கரிய பறவை. “காக்கை அளவு, நீண்ட வால், ஆண் குயில்தான்” என்றேன். அனைவரும் குறித்துக்கொண்டனர். சற்று நேரத்தில் அப்பறவை பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பியது. திரும்பும்போது வால் இரண்டாகப் பிளந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. கரிச்சான்! “எழுதியதை அழித்துவிடலாமா, சார்?” என்று ஒரு மாணவி தயங்கிக் கேட்டாள். “அழிக்க வேண்டாம். ஒரு கோடு மட்டும் போடு, தவறு தெரியட்டும்” என்றேன்.

வண்ணப் படங்களுக்கும் இத்தகைய எல்லை உண்டு. படத்தில் பறவை நல்ல ஒளியில் பக்கவாட்டில் நிற்கிறது. வெளியிலோ, பிரகாசமான வானத்தின் எதிரே எந்தப் பறவையும் கறுப்பாகவே தோன்றும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, நூலைப் புரட்டுமுன் குறிப்பேட்டைத் திறவுங்கள். வாலின் வடிவம், அலகின் வடிவம், இரை தேடும் முறை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். இவை தொலைவால் மாறுவதில்லை. அருகில் அறிந்த பறவை ஒன்று இருந்தால் மட்டும் அளவை ஒப்பிடுங்கள். ஐயமிருப்பின் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். பொய்யான பெயரைவிட அது பயனுள்ள பதிவு. அப்படிப் பழகியவருக்கே இச்சிறந்த நூல் தன் முழுப் பயனையும் தரும்.