நூல் முயலின் காது

ஈஸ்டர் நெருங்கினால் ஜெர்மனியின் கடைகளில் சாக்லேட் முயல்கள் வரிசை கட்டி உட்காரும். முட்டை கொண்டுவரும் முயலின் கதை அங்கே 1682-லேயே அச்சேறிவிட்டது. எனக்கோ குரோஷே ஊசியில் பிறக்கும் நூல் முயல்தான் பிடிக்கும்.

ஜப்பானியர் இந்தப் பின்னல் பொம்மைகளை அமிகுருமி என்கிறார்கள். இழுத்தால் இறுகும் சுருக்கு வளையம், அதில் 6 கண்ணிகள். அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24. தட்டையாக விரியும் வட்டம், கண்ணி கூட்டுவதை நிறுத்தியதும் கிண்ணமாகக் குழியும். குறைக்கத் தொடங்கினால் தலை! வாய் மூடுமுன் பஞ்சை அடைத்துவிட வேண்டும். (ஒரே கண்ணிக்கு இங்கிலாந்தில் ஒரு பெயர், அமெரிக்காவில் வேறு பெயர். புதிதாகக் கற்பவர் பாடு திண்டாட்டம்.)

கண்ணை மேலே வைத்தால் முயலுக்கு வயசாகிவிடும். கீழே இறக்கி அகல வைத்தால் குட்டி. கைக்குழந்தைக்கு என்றால் மணி வேண்டாம், கறுப்பு நூலால் தைப்பதே நல்லது.

காதுக்குப் பஞ்சு கிடையாது. அடியை மடித்துத் தைத்தால் ஓரளவு நிமிரும், நீளம் கூடினால் தொங்கும். அதே காதுகளைக் குழந்தைத் தொப்பியிலும் வைப்பார்கள். முயலைவிடக் குழந்தைக்கே அவை எடுப்பு. என் முயல்களில் மட்டும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் அமைந்ததில்லை.