ஜரீனாவின் மரச்செதுக்கு அச்சோவியங்களில் புலப்பெயர்வு

புலம்பெயர்ந்த கலைஞர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஏக்கம் என்ற ஒரு சொல்லிலேயே சென்று நிற்கின்றன. ஜரீனா ஹாஷ்மி (1937–2020) பற்றிய எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. அலிகரில் பிறந்து, நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து, லண்டனில் மறைந்த அவரைப் 'பிரிவினையின் ஓவியர்' என வகைப்படுத்துவது எளிது. அவ்வகைப்பாடு அவருடைய தொழில்நுட்பத்தைக் கணக்கில் கொள்ளத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1958இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் ஜரீனா பெற்றது கணிதப் பட்டம். தூதரகப் பணியிலிருந்த கணவருடன் பாங்காக்கில் வாழ்ந்தபோது மரச்செதுக்கு அச்சுக்கலையைத் தொடங்கினார். பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் 'அட்டெலியே 17' பட்டறையிலும், 1974இல் தோக்கியோவில் தோஷி யோஷிதாவின் பட்டறையிலும் பயின்றார். அவருடைய கருவிகளே இடப்பெயர்ச்சி ஈட்டித் தந்தவை எனலாம். எங்கும் எடுத்துச்செல்லத்தக்க தாளை வாழ்நாள் ஊடகமாகக் கொண்டதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. துரத்தப்பட்டு வெளியேறியவர் அல்லர் ஜரீனா. அவர் வெளிநாடுகளில் வாழத் தொடங்கிய காலத்தை ஒட்டியே பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தனர். திரும்பிவரும் இடமாக அலிகர் வீடு எஞ்சவில்லை. ஏதிலியர் அனுபவத்தை அளவுகோலாகக் கொண்ட நம் புலம்பெயர்வுக் கோட்பாடு இத்தகைய இழப்பை எளிதில் அளந்துவிட இயலாது.

'வீடு ஓர் அந்நிய இடம்' (1999) 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுதி. ஒவ்வோர் அச்சிலும் ஓர் உருதுச் சொல்லும் வடிவியல் உருவமும் உண்டு. சொற்களே முதலில் பிறந்தன. அவற்றைப் பட்டியலிட்டுப் பாகிஸ்தானுக்கு அனுப்பித் தொழில்முறை எழுத்தோவியர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்த பின்னரே உருவங்கள் அமைக்கப்பட்டன. தாய்மொழியின் எழுத்து எல்லைக்கு அப்பாலிருந்து, பிறர் கைவழியே வந்து சேர்கிறது. நியூயார்க் விமர்சகர்கள் இத்தொகுதியின் சிக்கனத்தை மினிமலிசத்தோடு உறவுபடுத்தினர். அது தவறன்று, ஆயினும் உருது அறியாதவர்க்கே எழுத்து வெறும் கோடாகத் தோன்றும். தமிழில் எழுதும் நாமும் அவ்விடர்ப்பாட்டிற்கு ஆட்பட்டவர்களே. 'வீடு' என்னும் சொல்லின்கீழ் அலிகர் இல்லத்தின் தரைவரைபடம் இருப்பதை, சொல்லைப் படித்த பிறகே உணர முடிகிறது.

சகோதரி ராணி எழுதியும் அனுப்பாதிருந்த உருது மடல்களின்மீது வீட்டின் வரைபடங்களைப் பதித்த 'வீட்டிலிருந்து கடிதங்கள்' (2004) இதன் தொடர்ச்சி. இதற்கு முந்திய ஆண்டில், வன்முறையால் சிதைந்த சராயேவோ, பாக்தாத், அகமதாபாத் முதலிய நகரங்களை வரைபடமாக்கிய தொகுதி அத்துணை வலுவுடையதாக எனக்குத் தோன்றவில்லை. செய்திகள்வழி முன்னரே அறிந்த துயரத்தை அவ்வரைபடங்கள் பெரிதும் சார்ந்து நிற்கின்றன.

'பிரிக்கும் கோடு' (2001) வேறு தரத்தது. இந்திய–பாகிஸ்தான் எல்லையே அதன் ஒரே உருவம். மேடச்சு முறையில் மை ஏற்பது செதுக்கப்படாத பகுதி மட்டுமே. ஆகவே எல்லைக்கோட்டைக் கறுப்பாகக் காட்ட, அதன் இருபுறமும் உள்ள நிலத்தை அகழ்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அகழப்பட்ட பரப்பில் உளியின் தடங்கள் ஆங்காங்கே மை பட்டு எஞ்சியுள்ளன. ஜரீனா அவற்றைத் துடைத்துச் சீராக்கவில்லை.