எடுத்துவிட்ட அட்டவணை

பாடநூலும் நூலே; அதில் உள்ளதோடு இல்லாததையும் திறனாய்வு கேட்கவேண்டும். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி இல்லை. தனிம வரிசை அட்டவணைக்கான அத்தியாயமும் இல்லை. மாணவர் சுமையைக் குறைத்தோம் என்றனர். மேல்வகுப்பில் உண்டு என்றும் சமாதானம் கூறினர். ஆயினும் அங்கே அறிவியல் பிரிவைத் தேர்ந்தவருக்கு மட்டுமே அவை கிட்டும். இங்கிலாந்தில் 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமோ, பரிணாமத்தைப் பதினொரு வயதுக்குள்ளும் அட்டவணையைப் பதினான்குக்குள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக வைத்தது.

1869இல் மெண்டலீஃப், அதுவரை அறியப்படாத தனிமங்களுக்கும் தம் அட்டவணையில் இடம் விட்டுவைத்தார். 1875இல் கண்டறியப்பட்ட காலியம் அவ்விடங்களுள் ஒன்றில் வந்தமர்ந்தது. அறியாததை அறியாதது என ஒப்பும் அந்த நேர்மை, வணிகவியல் பயிலச் செல்லும் பிள்ளைக்கு மட்டும் வேண்டாததா? சுமையென்று இறக்கியது எதை என்பதே நம் கேள்வி.