பாலில்லாத மொழியில் ஒரு பெண்பால்

பாரசீகத்தில் இலக்கணப் பால் கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் ‘ஊ’ என்ற ஒரே சொல்தான். ஆனாலும் ஈரான் வெளியுறவு அமைச்சகத்தின் பெயரில் அரபிப் பெண்பால் விகுதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது: ‘வெஸாரத்-எ ஒமூர்-எ காரெஜெ’. கடைசி ‘எ’தான் அது.

‘அம்ர்’ என்றால் அரபியில் காரியம், பன்மை ‘உமூர்’. மனிதரல்லாதவற்றின் பன்மைக்கு அரபியில் பெயரடை பெண்பால் ஒருமையில் வரும். நம் உயர்திணை, அஃறிணை போன்ற பாகுபாடுதான். ஆனால் அங்கே அஃறிணைப் பன்மை முழுவதும் பெண்ணாகிவிடுகிறது! அதனால் ‘காரிஜ்’ (வெளி) ‘காரிஜா’ ஆயிற்று. பாரசீக நாவில் ‘காரெஜெ’.

இந்த விகுதி சேதமில்லாமல் உள்ளே வரச் சொல்வரிசை உதவியது என்பது என் கணிப்பு. நாம் சிவந்த பூ என்கிறோம். பாரசீகர் ‘கோல்-எ சொர்க்’ என்பார்கள்: பூ முன்னே, சிவப்பு பின்னே, நடுவில் ‘எஸாஃபெ’ எனும் ‘எ’ ஒட்டு. எழுத்தில் பெரும்பாலும் அது தெரியாது. படிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரபியிலும் அடை பின்னால்தான் வரும். ஆகவே அரபித் தொடரைக் கலைக்காமல் நடுவே ஓர் ‘எ’ செருகினால் போதும். துருக்கியில் அடை முன்னே வருவதால், உஸ்மானிய எழுத்தர்கள் இத்தகைய தொடர்களுக்கு அந்த ஒட்டையும் பாரசீகத்திடம் இரவல் வாங்கினார்கள்.

சுவையான கட்டம் இனிமேல்தான். ‘பர்வந்தெ’ (கோப்பு) கலப்பில்லாத பாரசீகச் சொல். ஆனால் அதன் கடைசி எழுத்து, அரபிப் பெண்பால் சொற்களின் ஈற்றைப் போலவே இருக்கும். எழுத்தர் ஏமாந்தார், ‘பர்வந்தெ-யெ மர்பூதெ’ என்று எழுதினார். சம்பந்தப்பட்ட கோப்பு என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், அரபி இலக்கணத்தில் அந்தப் பெண்பால் எழுத்தின் பெயரே ‘தா மர்பூதா’, கட்டப்பட்ட ‘தா’.

1935இல் தொடங்கிய ஃபர்ஹங்கெஸ்தான் என்ற மொழிக் கழகம் அரபிச் சொற்கள் பலவற்றை விலக்கியது. நகராட்சியைக் குறித்த ‘பலதியெ’ ‘ஷஹ்ர்தாரி’ ஆனது. ‘காரெஜெ’ தப்பித்துக்கொண்டது. 1987இல் அபுல்ஹசன் நஜஃபி ‘கலத் நனெவீஸீம்’ (தவறாக எழுதாதிருப்போம்) என்ற கையேட்டை வெளியிட்டார். மொழியியலாளர் முகமது ரெஸா பாதெனி தன் மறுப்புக்கு வைத்த தலைப்பு: ‘தவறாக எழுத அனுமதியுங்கள்’.

‘மர்பூதெ’ விஷயத்தில் நான் பாதெனி பக்கம். ‘மர்பூத்’ என்று மொட்டையாக எழுதினால் எதனோடு தொடர்புடையது என்ற கேள்வி எழும். ‘பெ’ என்ற இடைச்சொல்லோடு விடை பின்னால் வர வேண்டும். ‘மர்பூதெ’க்கு அந்தத் துணை வேண்டாம். நம் அலுவலகத் தமிழின் ‘சம்பந்தப்பட்ட’ மாதிரி அது தனியே நிற்கும். அதனால்தான் ‘வஸீர்-எ மர்பூதெ’ என்றும் எழுதுகிறார்கள், சம்பந்தப்பட்ட அமைச்சர் ஆணாக இருந்தாலும்.